பேலன்ஸ் ஷீட்டில் ஏறாத சொத்து: டெல்டா ரைஸ் மில்காரர்களுக்கு

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் ஒரு மாடர்ன் ரைஸ் மில்லைப் பாகம் பிரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம், கட்டடம், பாய்லர், கலர் சார்ட்டர், லாரி, நெல் இருப்பு, கடைக்காரர்களிடம் நிற்கும் பாக்கி என எல்லாவற்றுக்கும் ஒரு விலை பேசி முடித்துவிடலாம். இழுபறி வருவது சிப்பத்தின் (அரிசி மூட்டையின்) மேல் அச்சடித்த பெயரில்தான். அதை அண்ணன் வைத்துக்கொள்வதா, தம்பி அதே படத்தைக் கொஞ்சம் நிறம் மாற்றிப் போட்டுக்கொள்வதா என்று கோர்ட் வரைக்கும் போவார்கள். பேலன்ஸ் ஷீட்டைப் புரட்டினால் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு ரூபாய்கூட இருக்காது.

இன்னொரு பக்கம், பெரிய கம்பெனிகளுக்கு அரிசியோ தவிடோ அனுப்பும் மில்களுக்கு இப்போது ஒரு படிவம் வருகிறது. டன்னுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கரண்ட், சாம்பல் எங்கே போகிறது, சரக்கு போட்டவருக்கு எத்தனை நாளில் பணம் போகிறது என்று கேட்கும். மானேஜரிடம் கொடுத்து ‘ஏதாவது நிரப்பி அனுப்பு’ என்று விட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டும் ஒரே விஷயம் என்பது என் கட்சி. சிப்பத்தின் பெயர் சம்பாதிக்கும் கூடுதல் காசு, அந்தப் படிவம் கேட்கிற காரியங்களை ஒழுங்காகச் செய்து, செய்ததை எழுதி வைத்திருப்பதில்தான் நிற்கிறது. எழுதி வைக்காத ஒழுங்குக்கு வெளியாள் யாரும் விலை தரமாட்டார்.

கணக்கு ஏன் காட்டுவதில்லை

ஆடிட்டர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. கணக்கியல் தரம் ஏஎஸ் 26 சொல்வது இதுதான்: விலை கொடுத்து வாங்கிய வர்த்தக முத்திரையைச் சொத்தாக ஏற்றலாம்; தானே வளர்த்த பிராண்டையும் வாடிக்கையாளர் பட்டியலையும் நற்பெயரையும் ஏற்றக் கூடாது. பெரிய கம்பெனிகளுக்கான இண்ட் ஏஎஸ் 38-லும் இதே விதிதான். பெயரை வளர்க்க ஆன செலவையும் தொழிலை மொத்தமாக வளர்க்க ஆன செலவையும் பிரித்துக் காட்ட முடியாது என்பது காரணம். அதனால் பஸ்ஸில் ஒட்டும் விளம்பரம், கடைப் பலகை, டீலருக்குக் கொடுக்கும் பரிசு எல்லாம் அந்தந்த வருடச் செலவு. உங்கள் பெயரைப் பக்கத்து ஊர் மில்காரர் 50 லட்சத்துக்கு வாங்கினால் அவர் புத்தகத்தில் அது 50 லட்சச் சொத்து. உங்கள் புத்தகத்தில் இருந்தவரை பூஜ்யம்.

வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வருமான வரிச் சட்டத்தின் கீழ், விலைக்கு வாங்கிய வர்த்தக முத்திரை, தொழில் நுணுக்கம், உரிமம் போன்றவற்றுக்கு 25 சதவீதத் தேய்மானம் உண்டு. நற்பெயரை மட்டும் 2021 நிதிச் சட்டம் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே விற்பனை ஒப்பந்தத்தில் ‘குட்வில் உட்பட மொத்தமாக இவ்வளவு’ என்று ஒரே தொகையாக எழுதினால் வாங்குகிறவருக்கு நஷ்டம். முத்திரைக்கு இவ்வளவு, நெல்லை ஊறவைத்து அவிக்கும் முறைக் குறிப்புகளுக்கு இவ்வளவு, மிச்சம் நற்பெயருக்கு என்று மதிப்பீட்டு அறிக்கையோடு பிரித்து எழுத வேண்டும்.

கணக்குப் புத்தகம் காட்டாவிட்டாலும் சட்டம் இதைச் சொத்து என்றுதான் சொல்கிறது. 1932 கூட்டாண்மைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, தொழிலின் நற்பெயரும் நிறுவனத்தின் சொத்தே என்கிறது. 55-ஆம் பிரிவு, கலைக்கும்போது அதையும் சேர்த்துத்தான் கணக்குத் தீர்க்க வேண்டும் என்கிறது. கூட்டாண்மைப் பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அந்த எழுத்து செல்லும். பெரும்பாலான பத்திரங்களில் எதுவுமே எழுதியிருக்காது. எந்த முறையில், எத்தனை வருடச் சராசரியில் மதிப்பு போடுவது என்று ஒரு பத்தி எழுதிக்கொண்டால் பிற்பாடு பத்து வருட வழக்கு மிச்சம்.

முறை என்ன? வங்கிக்காரரும் நீதிமன்றமும் எளிதில் புரிந்துகொள்வது மிகை லாப முறை: சாதாரண லாபத்துக்கு மேல் வருவதை மட்டும் பெயரின் சம்பாத்தியமாக எடுப்பது. உதாரணத்துக்கு, மில்லில் போட்டிருக்கும் முதலீடு 4 கோடி. இந்தத் தொழிலில் சாதாரணமாக 12 சதவீதம் கிடைக்கும் என்று வைத்தால் 48 லட்சம். சரிசெய்த சராசரி லாபம் 66 லட்சம். மிகை 18 லட்சம். மூன்று வருடத்துக்கு 54 லட்சம், அதுதான் பெயரின் மதிப்பு.

சிக்கல் அந்த ‘சரிசெய்த’ என்ற இடத்தில் இருக்கிறது. முதலாவது, நெல் இருப்பு லாபம். அறுவடையில் வாங்கிப் போட்ட நெல் நாலு மாதத்தில் விலை ஏறியதால் வந்த லாபம் பெயருக்குச் சேராது. அதைக் கழிக்க வேண்டும். இரண்டாவது, பங்காளிகளின் உழைப்பு. வெளியாள் மானேஜர் வைத்தால் என்ன சம்பளமோ அதைச் செலவாகக் காட்ட வேண்டும். மூன்றாவது, குடும்ப நிலத்தில் மில் இருந்தால் அதற்கு நியாயமான வாடகை. நான்காவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு அரைத்துக் கொடுக்கும் கூலி அரவை. அந்த வருமானத்துக்கும் சிப்பத்தின் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. இத்தனையும் கழித்த பிறகு மிகை லாபம் பூஜ்யமாகிவிடுகிற மில்களும் உண்டு. பெயர் பெரிசு, காசு எல்லாம் ஸ்டாக்கில் வந்தது என்று அப்போதுதான் தெரியும்.

இன்னொரு முறை, அந்தப் பெயரை வாடகைக்கு எடுத்தால் என்ன ராயல்டி கொடுக்க வேண்டியிருக்கும் என்று பார்ப்பது. சொந்தப் பெயரில் 30 கோடி விற்பனை, அரை சதவீத ராயல்டி என்றால் வருடம் 15 லட்சம். 30 சதவீத வரி போக 10.5 லட்சம். பத்து வருடத்துக்கு, 18 சதவீதக் கழிவில் இன்றைய மதிப்பு சுமார் 47 லட்சம். இரண்டு முறையும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்தால் எண்ணை நம்பலாம். ஒன்று 54 லட்சமும் மற்றது 2 கோடியும் காட்டினால் யாரோ ராயல்டி விகிதத்தில் கை வைத்திருக்கிறார்கள்.

விகிதத்துக்கு ஆதாரம் கடையில் கிடைக்கும். 26 கிலோ சிப்பத்துக்கு உங்கள் பெயர் எவ்வளவு கூடுதல் வாங்குகிறது என்று பாருங்கள். (25 கிலோவரை பெயரிட்டுக் கட்டிய பைக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததிலிருந்து சிப்பம் 26 கிலோ ஆனது எல்லோருக்கும் தெரிந்த கதை.) ஒப்பிடும்போது அதே ரகம், அதே பழசு, அதே பாலிஷ் இருக்க வேண்டும். புது அரிசியையும் ஒரு வருடப் பழைய அரிசியையும் வைத்து ஒப்பிட்டு ‘எங்கள் பெயருக்கு நூறு ரூபாய் கூட’ என்பது ஏமாற்று.

பெயரைப் பதிவு செய்வதில் நடக்கும் கோளாறுகள்

வர்த்தக முத்திரைப் பதிவில் அரிசி 30-ஆம் வகுப்பு. இணையவழியில் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. சிறு நிறுவனச் சலுகைக்கு உத்யம் சான்று (சிறுதொழில் பதிவுச் சான்று) வேண்டும். வர்த்தக முத்திரை இதழில் வெளியான நாளிலிருந்து நாலு மாதம் எதிர்ப்புக்கான அவகாசம். பதிவு பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஐந்து வருடத்துக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால் அதனால் பாதிக்கப்படுகிறவர் நீக்கச் சொல்லி மனு போடலாம். ‘இருக்கட்டும்’ என்று பதிவு செய்து வைத்த நாலைந்து உபரிப் பெயர்கள் அப்படித்தான் போகும்.

கோளாறு மூன்று இடத்தில். பதிவு மில் பெயரில் இல்லாமல் பெரியவரின் தனிப் பெயரில் இருக்கும். அவர் காலத்துக்குப் பின் வாரிசு எல்லோருக்கும் பங்கு, மில்லில் உழைத்தவருக்கும் சென்னையில் இருப்பவருக்கும் சமமாக. சிப்பத்தின் படம் பை அச்சடித்தவரின் டிசைனர் போட்டது. உரிமையை எழுத்தில் மாற்றி வாங்கவில்லை என்றால் பதிப்புரிமை அவரிடம் நின்றுவிட வாய்ப்புண்டு. மூன்றாவது, பெயர் தேர்வு. ஊர்ப் பெயரும் ரகப் பெயரும் மட்டும் சேர்ந்தது தனித்துவம் இல்லாத பெயர். 1999 வர்த்தக முத்திரைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு அதைத் தடுக்கும். ‘தஞ்சாவூர் பொன்னி’ என்று போட்டுவிட்டு அடுத்தவனைத் தடுக்க முடியாது. படத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பு கிடைக்கும்.

ஊறல் தொட்டித் தண்ணீர்

பெயருக்கு முதலில் ஆபத்து வருவது புழுங்கல் அரிசி மில்லின் கழிவுநீரில். டெல்டாவில் ஒரு ஊரின் வடிகால்தான் அடுத்த ஊரின் பாசன வாய்க்கால். சாராய நெடியோடு பழுப்பாக ஓடும் ஊறல் தண்ணீர் கீழ்மடை வயலில் ஏறினால், அந்த வயல்காரர்தான் அடுத்த மாதம் உங்களுக்கு நெல் போட வேண்டியவர்.

அளவைத் தெரிந்துகொள்ள மூன்று தண்ணீர் மீட்டர்கள் போதும்: போர்வெல்லில் ஒன்று, ஊறல் தொட்டிக்குப் போகும் குழாயில் ஒன்று, வடிகாலில் ஒன்று. தினமும் ஒரே நேரத்தில், ஷிப்ட் மாறும்போது, எழுத வேண்டும். எழுதியது சரியா என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. 14 சதவீத ஈரமுள்ள ஒரு டன் நெல்லில் உலர்பொருள் 860 கிலோ. ஊறி 30 சதவீத ஈரத்துக்கு வரும்போது எடை 1,229 கிலோ. அதாவது நெல் குடித்தது சுமார் 230 லிட்டர். தொட்டிக்கு 1,200 லிட்டர் விட்டிருந்தால் 970 வெளியே வந்தாக வேண்டும். நாளுக்கு 40 டன் ஊறப்போடும் மில்லில் அது ஏறக்குறைய 39,000 லிட்டர். பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நாற்றம் வராமல் இருக்க நடுவில் தண்ணீர் மாற்றினால் இது இன்னும் ஏறும்.

குறுவை நெல் மழையில் அறுத்து 20 சதவீத ஈரத்தோடு வந்து, காயவைக்காமல் நேரே ஊறலுக்குப் போனால் அது குடிப்பது டன்னுக்கு 143 லிட்டர்தான். ஆகவே குறுவை மாதங்களில் வடிகால் மீட்டர் கூடுதலாகக் காட்ட வேண்டும். பன்னிரண்டு மாதமும் ஒரே எண் இருந்தால், மீட்டரில் மணல் அடைத்து நின்றுவிட்டது, அல்லது வாட்ச்மேன் அறையில் உட்கார்ந்து எழுதியது. சரிபார்க்க வருகிறவர் முதலில் தேடுவது பூஜ்யத்தில் முடியும் எண்களைத்தான்.

பொதுவான வரம்பு: நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு பிஓடி (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம், மிதக்கும் திடப்பொருள் 100, நிலத்தில் பாய்ச்சினால் பிஓடி 100, திடப்பொருள் 200, அமில-காரத்தன்மை இரண்டுக்கும் 5.5 முதல் 9 வரை. உங்கள் மில்லுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த அனுமதி ஆணையில் இதைவிடக் கடுமையாக எழுதியிருந்தால் அதுதான் செல்லும். சுத்திகரிப்பு வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். 60 டிகிரிச் சூட்டுத் தண்ணீரை ஆறவிடாமல் காற்றில்லாத் தொட்டியில் விடுவதால் நுண்ணுயிர் செத்துப்போகும். 40-க்குக் கீழே வந்த பிறகுதான் விட வேண்டும். இன்னொன்று, நெல் இல்லாத மாதங்களில் மில்லை மூடும்போது தொட்டியும் பட்டினி கிடப்பது. திறப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே சாணிக் கரைசல் விட்டு உயிர்ப்பித்து, கழிவுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். முதல் நாளே முழு லோடு விட்டால் தை மாதம் முழுக்க நாறும்.

உமி, சாம்பல், கரண்ட்

நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி; உமியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். 40 டன் நெல்லுக்கு 8 டன் உமி. அதை முழுக்க எரித்தால் 1.6 டன் சாம்பல் கணக்கில் வர வேண்டும். லாரி ரசீதில் 1 டன்தான் போயிருக்கிறது என்றால், மிச்சம் புகைபோக்கி வழியாகத் தெருவில் காயப்போட்ட துணியில் இறங்கியிருக்கிறது, அல்லது மில் பின்புறம் குவிந்திருக்கிறது. புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கும் மல்டி சைக்ளோனின் அடி வாய் ஓட்டையாக இருந்து காற்று உள்ளே இழுத்தால் பிடித்த சாம்பலும் திரும்ப மேலே போய்விடும். இது ஒரு ரப்பர் வாஷர் விஷயம். சாம்பல் கறுப்பாக வந்தால் உமி சரியாக எரியவில்லை, அந்தக் கறுப்பு அத்தனையும் வீணான சூடு.

கார்பன் கணக்கில் உமியை எரிப்பதால் வரும் கரியமில வாயுவைத் தனி வரியில் காட்ட வேண்டும், மொத்தத்தில் சேர்ப்பதில்லை. அதை மொத்தத்திலிருந்து கழித்தும் காட்டக் கூடாது, சில ஆலோசகர்கள் அப்படிச் செய்து தருகிறார்கள். உமிப் புகையில் வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் மொத்தத்தில் ஏறும். டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ கரியமில வாயு. கரண்டுக்கு மத்திய மின்சார ஆணையம் வருடா வருடம் வெளியிடும் காரணி. இப்போது யூனிட்டுக்கு 0.72 கிலோவை ஒட்டி நிற்கிறது. டன் நெல்லுக்கு 50 யூனிட் போனாலும் 36 கிலோதான்.

பெரிய எண் வயலில் இருக்கிறது

அந்த 36 கிலோவை வயலோடு ஒப்பிட்டால் மில்லில் போடும் சோலார் தகட்டின் பெருமை கொஞ்சம் குறையும். எப்போதும் தண்ணீர் நிற்கும் நெல் வயலுக்கு, ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசி 2019-ல் தெற்காசியாவுக்குக் கொடுத்த இயல்பு மதிப்பு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன். 110 நாளுக்கு 93.5 கிலோ, மீத்தேன் பூமியைச் சூடாக்கும் திறன் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு என்று பெருக்கினால் 2.6 டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஹெக்டேருக்கு 5 டன் நெல் என்றால் ஒரு டன் நெல் மில் வாசலுக்கு வரும்போதே 520 கிலோ சுமந்து வருகிறது. மில்லின் கரண்டைப் போல 14 மடங்கு. வாங்கும் கம்பெனியின் சப்ளை செயின் கணக்கில் இது ஏறும் என்பதால்தான் அவர்கள் மில்லைத் தாண்டி வயலைப் பற்றிக் கேட்கிறார்கள்.

குறைக்கிற வழி காய்ச்சலும் பாய்ச்சலும். 30 சென்டிமீட்டர் நீளம், 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, அந்தப் பாதியை மண்ணில் இறக்கி, உள்ளே உள்ள சேற்றை அள்ளிவிட வேண்டும். நட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்து ஆரம்பிக்கலாம். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி 5 சென்டிமீட்டர் கட்ட வேண்டும். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் காயவிடக் கூடாது. அதே ஐபிசிசி கணக்கில் பருவத்தில் ஒருமுறை வடித்தால் மீத்தேன் அளவை 0.71-ஆல் பெருக்க வேண்டும், பலமுறை என்றால் 0.55-ஆல்.

இதை அப்படியே டெல்டா முழுக்கப் பெருக்கிக் கோரிக்கை வைப்பதுதான் தப்பு. போர்வெல் உள்ள குறுவை வயலில் நடக்கும். சம்பாவில், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது காயவிடு என்றால் எங்கே காயவிடுவது? கடைமடையில் முறை வைத்துத் தண்ணீர் விடும் வருடத்தில், வந்த தண்ணீரை வயலில் கட்டி வைப்பார்களே தவிரக் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். கனத்த களிமண்ணில் அதிகம் காய்ந்து வெடிப்பு விட்டால் அடுத்த பாய்ச்சல் முழுக்க வெடிப்பில் இறங்கி, மிச்சப்படுத்திய தண்ணீரைவிடக் கூடுதலாகப் போகும். அறுவடை முடிந்த ஈர வைக்கோலை உடனே மடக்கி உழுது அடுத்த நடவுக்குத் தண்ணீர் கட்டினால் மீத்தேன் ஏறும். கதிர் அறுத்த பிறகு வைக்கோல் கட்டு போட்டு வெளியே எடுத்த வயலையும் எடுக்காத வயலையும் தனித்தனியாக எழுத வேண்டும். ஆகவே கோரிக்கை வைப்பதானால், எந்த ஊர், எந்தப் பருவம், எத்தனை மா (ஒரு மா சுமார் மூன்றில் ஒரு ஏக்கர்), குழாய் வைத்த வயலின் பட்டியல், அளவு பார்த்த தேதிகள் என்று சிறியதாக, உறுதியாக வையுங்கள். முப்பது வேலி (சுமார் 200 ஏக்கர்) உண்மை, மூவாயிரம் ஏக்கர் பவர்பாயிண்டைவிட அதிக நாள் நிற்கும்.

கலப்பு

கருப்பு கவுனி, மாப்பிள்ளை சம்பா, சீரகச் சம்பா, தூயமல்லி என்று பாரம்பரிய ரகம் விற்கிற மில்லுக்கு ரகச் சுத்தம்தான் பெயரின் முதுகெலும்பு. கலப்பு திட்டமிட்டு நடப்பதைவிட மிஷினில் தங்குவதால் நடப்பது அதிகம். அறுவடை மிஷின் முந்தின வயலின் நெல்லோடு வரும். மில்லில் எலிவேட்டரின் அடிப்பெட்டி, உலர்த்தியின் மூலைகள், ஊறல் தொட்டியின் கூம்பு வாய், பாலிஷர் உள்ளறை, கலர் சார்ட்டரின் மேல்தொட்டி என எல்லா இடத்திலும் கிலோ கணக்கில் தங்கும். ரகம் மாற்றும்போது அடிப்பெட்டிக் கதவைத் திறந்து வெறுமையாக்கி, காற்றடித்து, புது ரகத்தின் முதல் இரண்டு மூட்டையை ஓடவிட்டு அதைக் கலப்பு என்று தனியே விற்றுவிட வேண்டும். அந்த இரண்டு மூட்டையை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு லோடு திரும்பி வரும்.

எடைமேடையில் ஒரு லாட் எண். அதே எண் ஊறல் தொட்டிச் சீட்டில், உலர்த்திச் சீட்டில், சிப்பத்தின் தையல் சீட்டில். லாட்டுக்கு ஒரு கிலோ நெல்லும் ஒரு கிலோ அரிசியும் சீல் வைத்து ஆறு மாதம் வைத்திருங்கள். புகார் வந்தால் பேசுவது அந்தப் பொட்டலம்.

ஊறல் நேரமும் இப்படித்தான். 65–70 டிகிரித் தண்ணீரில் நாலு மணி என்பது பொதுக் கணக்கு. எந்த ரகத்துக்கு அரை மணி கூட, எந்த ஈரத்துக்குக் குறைய, ஆவி எத்தனை நிமிடம் என்பது அவியல் மேஸ்திரியின் தலைக்குள் இருக்கும். அவர் பக்கத்து மில்லுக்கு 3,000 ரூபாய் கூடுதல் சம்பளத்துக்குப் போனால் உங்கள் அரிசியின் நிறம் அவரோடு போகிறது. ரகவாரியாக எழுதி, அவரிடமே படித்துக் காட்டித் திருத்தி வாங்குங்கள். அதற்கு அவருக்கு ஒரு தொகை கொடுப்பதும் நியாயம். மேலே சொன்ன விற்பனை ஒப்பந்தத்தில் ‘தொழில் நுணுக்கம்’ என்று விலை போடக்கூடியது இந்த நோட்டுப் புத்தகம்தான்.

படிவம் எங்கிருந்து வருகிறது

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2021-ல் கொண்டுவந்த பிஆர்எஸ்ஆர் அறிக்கை (கம்பெனியின் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பைச் சொல்வது) 2022-23 முதல் சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட கம்பெனிகளுக்குக் கட்டாயம். 2023-ல் அதிலிருந்து ஒன்பது தலைப்புகளை எடுத்து ‘கோர்’ என்று பிரித்து, வெளியாள் சரிபார்ப்பைக் கொண்டுவந்தார்கள். முதல் 250 கம்பெனிகள் தங்களுக்குச் சரக்கு தருகிறவர்களின் எண்களையும் காட்டும் ஏற்பாடு உண்டு. தனித்தனியே கொள்முதலில் 2 சதவீதம் அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள்தான் அதில் வருவார்கள். இதைப் பிறகு விருப்பத்தின்பேரில் என்று தளர்த்தி 2025-26-க்குத் தள்ளினார்கள். ஒரு டெல்டா மில் 2 சதவீதத்தைத் தொடுவது அபூர்வம். ஆனாலும் கொள்முதல் பிரிவு எல்லோருக்கும் ஒரே படிவத்தைத்தான் அனுப்புகிறது, அதில் முதல் கேள்விக்கே பதில் இல்லாத மில் அடுத்த டெண்டரில் பின்னால் போகிறது.

அந்த ஒன்பதில் பலரும் கவனிக்காதது, பாக்கி எத்தனை நாள் நிற்கிறது என்ற எண். நெல் போட்டவருக்கு நீங்கள் பணம் தரும் நாளைத் தேதியோடு வைத்திருங்கள். கூடவே இன்னொன்றை நீங்களாகவே சேர்த்துக்கொள்ளலாம்: போன வருடம் நெல் போட்டவர்களில் இந்த வருடமும் போட்டவர் எத்தனை பேர். தண்ணீர் தட்டுப்பாடான வருடத்தில் நெல் யாரிடம் வந்து சேரும் என்பதை இந்த எண் முன்கூட்டியே சொல்லும். ஈரப்பதமானியை வருடம் ஒருமுறை அளவு சரிபார்த்து, காட்டும் எண்ணை நெல் கொண்டுவந்தவர் பார்க்கும்படி வைத்தாலே இது ஏறும். லோடுமேன் கூலி, பிஎப், இஎஸ்ஐ, விபத்துப் பதிவேடு எல்லாம் எப்படியும் சட்டப்படி இருக்க வேண்டியவை. அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சிப்பத்தின் மேல் எழுதும் வாசகத்தைக் கவனமாக எழுதுங்கள். ‘ஆர்கானிக்’ என்று போட என்பிஓபி அல்லது பிஜிஎஸ்-இந்தியா என்ற அரசு இயற்கை வேளாண் சான்று வேண்டும். 2017 உணவுப் பாதுகாப்பு விதிமுறையில் இருக்கிறது. ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த’, ‘பசுமை அரிசி’ போன்ற பொத்தாம்பொதுவான சொற்களுக்கு 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல் பொருந்தும்: ஆதாரம் இல்லாமல் போடக் கூடாது, போட்டால் அந்த ஆதாரத்தை வாங்குகிறவர் பார்க்க முடிய வேண்டும். லாட் சீட்டும் குழாய்ப் பட்டியலும் இருந்தால் ஒரு க்யூஆர் குறியீட்டில் அதைக் காட்டிவிடலாம்.

கூட்டுச் சொத்து

சுவாமிமலை வெண்கலச் சிலை, திருபுவனம் பட்டு, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, தஞ்சாவூர் வீணை, 2025-ல் கும்பகோணம் வெற்றிலை என்று டெல்டாவில் புவிசார் குறியீடு பெற்றவை நிறைய. இவற்றை எந்தத் தனி வியாபாரியும் தன் சொத்தாகக் கணக்கில் ஏற்ற முடியாது. 1999 புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி குறியீட்டை விற்கவோ, உரிமம் கொடுக்கவோ, அடகு வைக்கவோ முடியாது. குறியீடு கிடைத்ததாக மாலை போட்டு போட்டோ எடுத்ததோடு பல இடங்களில் வேலை நின்றுவிடுகிறது. அதன்பின் ஒவ்வொரு உற்பத்தியாளரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும். அந்தக் கட்டணத்தை 2020-ல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். பதியாத வெற்றிலைக் கொடிக்கால்காரர், வேறு ஊர் வெற்றிலையைக் கும்பகோணம் என்று விற்பவர் மேல் வழக்குப் போட நினைத்தாலும் கையில் காகிதம் இருக்காது. பதிந்தவர் பட்டியல், விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த தர அளவுகள், மாதம் ஒருமுறை சந்தையில் எடுத்த மாதிரி, இந்த மூன்றும் சங்கத்தில் இருக்க வேண்டும். குறியீடும் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. அந்தத் தேதியை நிர்வாகிகள் பட்டியலுக்குப் பக்கத்திலேயே எழுதி மாட்டுங்கள்.